சண்டை தீராமல் இருக்கச் சிங்கப்பூர் போனேன்

அன்று மாடியில் இருந்தவர்கள் இவர்கள். விறகுக்கடை முதலாளி நல்லசிவம். அவர் சம்சாரம், உள்கதவுக்கு அந்தப் பக்கம், வளையல் சத்தம் மட்டும். கணக்கப்பிள்ளை சாமிநாதன். கையெழுத்துக்குச் சாட்சி போட வந்த வக்கீல் குமாஸ்தா ஜோசப். என் மச்சினன் வேலு. கடைசியில் நான்.

ஆறு பேர். நடுவில் புது ஜமக்காளம் விரித்திருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை. ஊரிலிருந்து கல்யாணத்துக்குப் பாக்கு வைக்க வருகிறவருக்காக விரித்தது அது. எல்லாரும் அவருக்காகக் காத்திருந்தோம். நானும் காத்திருந்தேன். யார் வரப்போகிறார் என்று எனக்குத் தெரியாது.

இது ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது. எனக்கு எழுத்து அதிகம் வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஆலங்கரடு. மலையடிவாரம். ஊருக்கு மேலே இருக்கிற காடு அண்ணன் தம்பி இரண்டு பேருக்குச் சொந்தம். அண்ணன் ஊரில் இருந்தார். தம்பி நல்லசிவம் சின்ன வயதிலேயே கப்பலேறிவிட்டார். பாகம் பிரிப்பதில் தகராறு வந்து வழக்குப் போட்டார்கள். தீர்ப்பு வருகிறவரை காட்டில் ஒரு சுள்ளிகூட யாரும் ஒடிக்கக் கூடாது என்று கோர்ட்டு தடை போட்டது. கோர்ட்டுச் சேவகர் அமீனா வந்து தமுக்கடித்து, வேங்கை மரத்தில் காகிதம் ஒட்டிவிட்டுப் போனார்.

அதற்கு முன் அந்தக் காட்டில் வருஷா வருஷம் கரிமூட்டம் போடுவார்கள். பாதி மலை மொட்டை. தடை வந்த பிறகு வெட்டவும் ஆளில்லை, எரிக்கவும் ஆளில்லை. மரம் தானாக வளர்ந்தது. மாசியோடு வற்றிவிடும் ஓடை சித்திரை வரை ஓடியது. கிணற்றில் தண்ணீர் ஏறியது. கீழ்க்காட்டுக்காரர்கள் இரண்டாம் போகம் வைத்தார்கள். என் பெஞ்சாதி முன்பு அடுத்த ஊருக்குப் போய்க் குடம் தூக்குவாள். அது நின்றது.

ஆனால் ஆடும் காட்டுக்குள் போகக்கூடாது. மேய்ச்சலுக்கு ஆட்டுக்கு இவ்வளவு என்று அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்துவந்தோம். அந்த வரும்படியும் வழக்கில் சேர்ந்துவிட்டது என்றார்கள். எனக்கு நிலம் கிடையாது. ஆடுதான். அமீனா தமுக்கடித்த அன்று என் பட்டியில் அறுபத்துமூன்று நின்றன.

வழக்கு வாய்தா வாய்தாவாகப் போனது. அண்ணன் செத்தார். அவர் மகன் கதிரேசன் பட்டணத்தில் படித்தவன். அவன் சமாதானமாகப் போக ராஜி பேசினான். சித்தப்பா ஒரு கையெழுத்துப் போட்டால் வழக்கு முடிந்தது. மரம் மொத்தமும் ஒரு காண்ட்ராக்டருக்கு. கலெக்டர் உத்தரவெல்லாம் காண்ட்ராக்டரே பார்த்துக்கொள்வாராம். வெட்டின இடத்தில் ஆடு மேய்த்துக்கொள் என்று என்னிடம் சொல்லியும் விட்டான்.

ஊர் கூடியது. மரம் போனால் ஓடை போகும் என்று எல்லாருக்கும் தெரியும். வழக்கு முடியக்கூடாது. யாராவது சிங்கப்பூர் போய் நல்லசிவத்திடம், அண்ணன் வீட்டோடு ராஜியாக வேண்டாம், சண்டையை விடாமல் நடத்துங்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். யார் போவது? சிங்கப்பூரில் எனக்கு மச்சினன் இருந்தான். அதுதான் என் தகுதி. எனக்கு ஆடும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். ஊருக்குத் தண்ணீர் மட்டும் போதும். நான் போனேன்.

புறப்படும் முன் கதிரேசன் என் வீட்டுக்கு வந்தான். அவனுக்குக் கல்யாணம் வைத்திருந்தது. மஞ்சள் துணியில் ஒரு பித்தளைத் தட்டு, கொட்டைப்பாக்கு, மஞ்சள், பத்திரிகை. அதோடு ராஜிப் பத்திரம். "நீ போறதே போற. சித்தப்பாவுக்கு என் சார்பா பாக்கு வச்சிரு. வெத்தலை அங்க வாங்கிக்க" என்றான். மங்கல காரியத்தை மறுக்கக்கூடாது. வாங்கிக்கொண்டேன். எதற்குப் போகிறாய் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இப்படி ஒரே பெட்டியில் ராஜிப் பத்திரமும் இருந்தது, ராஜி வேண்டாம் என்கிற சொல்லும் இருந்தது. கடல் முழுக்க எனக்கு வாந்தி. வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

முதல் நாள் வேலு துறைமுகத்துக்கு வந்திருந்தான். காக்கி அரைக்கால்சட்டை, தலையில் தொப்பி. எனக்கு அடையாளம் தெரியவில்லை. மேலே மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற பஸ்ஸில் ஏறினோம். பாதி வழியில் பஸ்ஸின் கொம்பு கம்பியை விட்டு நழுவியது. பஸ் நின்றது. நடத்துனர் நிதானமாக இறங்கி, ஒரு மூங்கில் கழியை உருவி, கொம்பைத் தூக்கிக் கம்பியில் மாட்டினார். நாவற்பழம் உலுப்புகிறவர் மாதிரி இருந்தது. யாரும் திட்டவில்லை. பின்னால் ஒரு சீனக் கிழவர் ஏதோ சொல்ல, பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "கொம்பு இருந்தா மாடு, கொம்பு போனா வண்டி நிக்குதுங்கறாரு" என்று வேலு சொன்னான். அவனுக்குச் சீனம் அவ்வளவு தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

சிராங்கூன் சாலையில் இறங்கியதும் ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. பூக்கடை, எண்ணெய் வாசனை, வேட்டி, வெற்றிலைத் துப்பல். ஒரு சந்தில் மாடு படுத்திருந்தது. சாப்பாட்டுக் கடையில் இலை போட்டார்கள். ஆட்டுக்கறி கேட்டேன். வாயில் வைத்ததும் கொழுப்பு நாக்கில் ஒட்டியது. "இது எந்த ஊர் ஆடு?" என்றேன். "ஆஸ்திரேலியாவுலேருந்து ஐஸ்ல வருது மச்சான்" என்றான் வேலு. உயிரோடு இல்லாமல் கப்பலேறி வந்த ஆடு. நானும் அரை உயிராகத்தான் வந்திருந்தேன். சாப்பிட்டேன்.

அன்று சாயங்காலம் நல்லசிவத்தின் கடைக்குப் போனோம். முதலாளி இல்லை. கட்டை ஏற்றிய தொங்கான் வந்திருக்கிறது, காலாங் ஆற்றுக்குப் போயிருக்கிறார் என்று கணக்கப்பிள்ளை சொன்னார். தொங்கான் என்பது பெரிய சரக்குப் படகு. கடைக்குப் பின்னால் கட்டை மலையாகக் குவிந்திருந்தது. சேற்றுக் காட்டில் வளரும் மரமாம், பக்காவ் என்கிறார்கள். நல்ல கனம். ஜோகூர் பக்கமிருந்தும் அக்கரைத் தீவுகளிலிருந்தும் வருகிறது. எத்தனை வருஷமாக இப்படி வருகிறது என்று கேட்டேன். கடை திறந்த நாளாக என்றார். அங்கே அண்ணன் தம்பிச் சண்டை யாருக்கும் இல்லை போலிருக்கிறது.

இரண்டாம் நாள் வேலு என்னைத் தன் வேலைக்குக் கூட்டிப்போனான். அவன் ஜாகா, அதாவது காவல்காரன். என்ன காவல் என்று அதுவரை நான் கேட்டதில்லை. நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கிற பெரிய ஏரியைச் சுற்றி அடர்ந்த காடு. அந்தக் காட்டுக்குத்தான் அவன் காவல். உள்ளே போக எனக்கும் அனுமதி இல்லை. ஓரத்தில் ஒரு பலகை. நாலு மொழியில் எழுதியிருந்தது. தமிழை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். உள்ளே போகாதே, வெட்டாதே என்று இருந்தது.

"இது யார் காடு?" என்றேன்.

"கவர்மெண்ட் காடு."

"வழக்கு இருக்கா?"

"வழக்கு எதுக்கு மச்சான்? தண்ணிக்கு வேணும்னு வச்சிருக்காங்க."

நான் பலகையைத் திரும்பப் பார்த்தேன். நாலு வரி. எங்களுக்கு ஓடையில் தண்ணீர் வர ஒரு குடும்பம் கெட வேண்டியிருந்தது.

ஆனால் அங்கேயும் கோர்ட்டு உண்டு. அன்று மத்தியானமே வேலுவுக்குக் கோர்ட்டில் சாட்சி இருந்தது. கூடப் போனேன். போன மாதம் அந்தக் காட்டுக்குள் விறகு பொறுக்கிய ஒரு சீனக் கிழவியை இவன் பிடித்துவிட்டானாம். மேலதிகாரி கூட இருந்ததால் விடமுடியவில்லை. கிழவி கறுப்புச் சட்டையில் சின்னதாக நின்றாள். அவள் பேச, மொழிபெயர்ப்பவர் அதை இங்கிலீஷில் சொல்ல, வேலு என் காதில் தமிழில் சொன்னான். மரம் தானாக விழுந்தது. கறையான் தின்னப்போகிறதே என்று எடுத்தேன். கறையானையும் கூப்பிட்டு விசாரியுங்கள். இதுதான் அவள் சொன்னது. மாஜிஸ்திரேட் சிரித்தார். சிரித்துவிட்டு அபராதம் போட்டார். கிழவி மடியை அவிழ்த்துப் பணத்தைக் கட்டிவிட்டுப் போனாள்.

ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம்கூட ஆகவில்லை. வழக்கு முடிந்துவிட்டது. எங்கள் ஊர்க் கோர்ட்டில் அந்த நேரத்துக்குள் பெயரைக்கூடக் கூப்பிடமாட்டார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. பிறகு கிழவி போன வாசலைப் பார்த்தேன். பொறாமை போய்விட்டது. சட்டென்று முடிகிற வழக்கில் யார் தோற்பது என்பதும் சட்டென்று தெரிந்துவிடுகிறது.

வெளியே வந்ததும் வேலு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். பிறகு, "நாளைக்கு அவ மறுபடியும் வருவா. நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்" என்றான்.

மூன்றாம் நாள் முதலாளி கிடைத்தார். மல்லுவேட்டி, வெறும் உடம்பு, நெற்றியில் திருநீறு. ஊர்க்காரன் என்றதும் உட்காரச் சொன்னார். காப்பி வந்தது. வேங்கை மரம் இருக்கிறதா, ஓடைப் பாலம் கட்டினார்களா என்று கேட்டார். அண்ணன் சாவுக்குப் போகவில்லை என்றார். தகவல் தாமதமாக வந்தது, நேரத்துக்கு வந்திருந்தாலும் போயிருப்பேனா தெரியாது என்றார். இப்போது வயதாகிவிட்டது, எதற்கு இந்த வழக்கு என்றார். பையன் தபாலில் ராஜி பற்றி எழுதியிருந்தான், போட்டுவிடலாம் என்று இருக்கிறேன் என்றார்.

நான் வந்த காரியத்தைச் சொல்ல வேண்டிய இடம் அது. எனக்குச் சுற்றிப் பேச வராது.

"நீங்க ராஜியாகக் கூடாது" என்றேன்.

கணக்கப்பிள்ளை பேனாவை வைத்தார். முதலாளி காது கேட்காதவர் மாதிரி என்னைப் பார்த்தார். நான் காரணத்தைச் சொன்னேன். வழக்கு நடக்கிறவரைதான் மரம் நிற்கும், மரம் நிற்கிறவரைதான் தண்ணீர், ஊர் உங்கள் காலில் விழுகிறது என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். நிற்காமல் சிரித்தார்.

"சாமிநாதா, கேட்டியா? ஊர்ல சண்டை வந்தா நாலு பேர் வந்து சமாதானம் பண்ணி வைப்பாங்க. இவன் கப்பலேறி வந்து சண்டை போடுங்கறான்."

"உள்ளதைச் சொன்னேன் முதலாளி."

"உனக்கு அதுல என்ன? கீழ்க்காட்டுல நிலமா?"

"இல்ல. ஆடுதான்."

"வழக்கு முடிஞ்சா ஆடு மேயலாமே?"

"மேயலாம்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பைத்தியமா, இல்லை யாராவது ஏவிவிட்டு வந்தவனா என்று யோசிக்கிற பார்வை. கடைசியில், ஊருக்கு வேண்டுமானால் கிணறு வெட்டப் பணம் தருகிறேன், அண்ணன் பிள்ளையோடு இனி வம்பு வேண்டாம் என்றார். தண்ணீர் இல்லாத இடத்தில் எத்தனை கிணறு வெட்டினாலும் பள்ளம்தான். அதையும் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

என் காரியம் தோற்றுவிட்டது. இனி அடுத்தவன் காரியம் இருந்தது. அதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும். "கதிரேசன் கல்யாணத்துக்குப் பாக்கு வந்திருக்கு, ராஜிப் பத்திரமும் வந்திருக்கு. என்னைக்கு வைக்கட்டும்?" என்று கேட்டேன்.

முதலாளி முகம் மலர்ந்தது. எழுந்து நின்றுவிட்டார். "பாக்கு வச்சே அழைக்கிறானா? கடல் தாண்டியா?" என்றார். உள்ளே பார்த்துச் சம்சாரத்திடம் சத்தமாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை நல்ல நாள், ராகுகாலத்துக்கு முன்னால் காலையிலேயே வைத்துக்கொள்ளலாம், குமாஸ்தாவையும் வரச்சொல்லி அன்றைக்கே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார். எல்லாம் அவரே சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வெற்றிலை வாங்கத் தேக்கா மார்க்கெட்டுக்குப் போனோம். இங்கே வெற்றிலை தடிப்பு, காரம் அதிகம். நுனி கிள்ளாத இலையாகப் பொறுக்கி எடுத்தேன். விற்கிறவர், கல்யாணமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். யாருக்கு என்று கேட்டார். காட்டுக்கு என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. வேலு எனக்குத் தன் வெள்ளைச் சட்டையைக் கொடுத்தான். தோளில் தொளதொளவென்று இருந்தது.

முதலாளி கடை மாடிக்குப் போனோம். முதலில் எழுதினேனே, அந்த ஆறு பேர், அந்த ஜமக்காளம். பாச்சை உருண்டை வாசனை அடித்தது. முதலாளி பட்டுக்கரை வேட்டி கட்டியிருந்தார். உள்ளே கேசரி கிண்டுகிற மணம். ஜோசப் பேனாவில் மை ஊற்றிக்கொண்டிருந்தார். இவர் மாதா கோயில்காரர், நம் சடங்கு தெரியாது, ஆனாலும் வேட்டி கட்டி வந்திருக்கிறார் என்று முதலாளி பெருமையாகச் சொன்னார். "எங்க வீட்லயும் பாக்கு வைக்கிறது உண்டுங்க. ஃபாதர் வந்து மந்திரிப்பாரு, அதான் வித்தியாசம்" என்றார் ஜோசப்.

நேரம் போனது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார்.

"எங்கப்பா, இன்னும் காணோம்?"

"யார முதலாளி?"

"பாக்கு வைக்க வந்தவங்க. தங்கியிருக்கறது எங்க? வண்டி அனுப்பட்டுமா?"

நான் மஞ்சள் துணியை அவிழ்த்தேன். தட்டை எடுத்து, பாக்கு, வெற்றிலை, மஞ்சள், பத்திரிகை எல்லாம் வைத்தேன். பத்திரத்தையும் பக்கத்தில் வைத்தேன். "நான்தான்" என்றேன்.

உள்ளே வளையல் சத்தம் நின்றது.

எங்கள் ஜனத்தில் பாக்கு யார் கையிலும் போகும். ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவன் வழியில் நாலு ஊரில் பாக்கு வைத்துவிட்டுப் போவான். யாருக்கும் குறையில்லை. அவர்கள் வீட்டு வழக்கம் வேறு. பங்காளி வரவேண்டும். இல்லையென்றால் மாமன் மச்சானாவது வரவேண்டும். இது எனக்குத் தெரியாது. கதிரேசனுக்குத் தெரிந்திருக்கும். பட்டணத்தில் படித்ததில் அது சின்ன விஷயமாகப் போயிருக்கும்.

முதலாளி ரொம்ப நேரம் தட்டையே பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"செத்தவன் என் கூடப் பொறந்தவன். அவன் மகன் கல்யாணத்துக்கு எனக்கு ஆட்டுக்காரன் கையிலயா பாக்கு?"

கணக்கப்பிள்ளை, சின்னப் பையன், தெரியாமல் செய்திருப்பான் என்றார். தெரியாதவன் பத்திரத்தை மட்டும் மறக்காமல் அனுப்பியிருக்கிறானே என்றார் முதலாளி. கையெழுத்து வேண்டும், சித்தப்பன் வேண்டாம் என்றார். சத்தம் போடவில்லை. வேட்டிக் கரையை மட்டும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார்.

பிறகு ராஜிப் பத்திரத்தை எடுத்தார். கிழிப்பார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. நாலாக மடித்து என் கையில் கொடுத்தார்.

"கோர்ட்டுல பாத்துக்கறேன்னு சொல்லு. நான் இருக்கிற வரைக்கும் நடத்துவேன். எனக்கப்புறம் என் பிள்ளைங்க நடத்தும்."

ஜோசப் பேனாவை மூடினார்.

நான் தட்டை எடுத்துக்கொண்டேன். இறங்கப்போகும்போது முதலாளி கூப்பிட்டார். "உம்மேல கோபம் இல்ல" என்றார். எனக்கும் இல்லை என்றேன். கீழே சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். கட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் கூலியாட்களோடு இலை போட்டார்கள். மேலே ஜமக்காளத்துக்கென்று கிண்டிய கேசரி எங்கள் இலைக்கு வந்தது. முந்திரி நிறைய. வேலு சாப்பிடவில்லை. சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"மச்சான், அவரு உங்கள அப்படிப் பேசுனாரு. நீங்க சும்மா இருந்துட்டீங்களே லா" என்று அந்த ஊர்ப் பேச்சில் சொன்னான்.

"காடு நிக்குதுல்ல மாப்ளே" என்றேன்.

அவன் இலையை இழுத்துக்கொண்டான்.

மிச்ச நாட்களில் ஊர் சுற்றினேன். சுவா சூ காங் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் ஒரு தமிழர் ஆடு வைத்திருக்கிறார் என்று கேட்டுப் பார்க்கப் போனேன். வழியில் பஸ் பழுதாகி, கோழிக்கூண்டு ஏற்றிய லாரியில் நின்றுகொண்டே போனோம். நல்ல ஆடுகள், காது நீளம். எங்கே மேய்கிறது என்று கேட்டேன். ரப்பருக்கு அடியில் புல் இருக்கிறது, மேயவிட்டால் துரைக்குப் புல்வெட்டுக் கூலி மிச்சம் என்றார். வழக்கு ஏதும் உண்டா என்று கேட்டேன். என்னைப் புரியாமல் பார்த்தார். அந்த ஆடுகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலுதான் நேரமாகிறது என்று இழுத்துவந்தான்.

ஊரில் இறங்கியதும் கூட்டம் கூடிவிட்டது. நடந்ததைச் சொன்னேன். கேட்டதும் சிரித்தார்கள், தோளில் தட்டினார்கள். வேண்டுமென்றே தட்டைத் தூக்கிக்கொண்டு போனாயா, பெரிய ஆளப்பா நீ என்றார்கள். இல்லை, எனக்குத் தெரியாது என்றேன். அதையும் சாமர்த்தியம் என்றார்கள். கோயில் முன்னால் மாலை போட்டார்கள்.

கதிரேசனிடம் தட்டையும் பத்திரத்தையும் கொடுத்தேன். சித்தப்பா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். ஆட்டுக்காரன் என்றதையும் சொன்னேன். அவன் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இவ்வளவு சின்ன விஷயத்துக்கா?" என்றான். காண்ட்ராக்டர் வேறு மலைக்குப் போய்விட்டார். அங்கே யாருக்கும் யாரோடும் சண்டை இல்லையாம், காடு சீக்கிரம் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள்.

எங்கள் வழக்கு நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா இரண்டு பக்கத்து வக்கீல்களும் வருகிறார்கள், போகிறார்கள். வேங்கை மரத்தில் ஒட்டிய காகிதம் எப்போதோ போய்விட்டது, ஆனாலும் யாரும் உள்ளே போவதில்லை. இந்த வருஷம் ஓடை வைகாசியிலும் ஓடியது. கீழ்க்காட்டுக்காரர்கள் கரும்பு போட்டிருக்கிறார்கள். ஆட்டை வரப்புப் பக்கம் விடாதே என்று எனக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். சரி என்றேன்.

அறுபத்துமூன்று ஆடு நின்ற பட்டியை நேற்று சாயங்காலம் அடைக்கும்போது எண்ணினேன். ஒன்பது.